துண்டு ஒழிந்தது, கடன் ஒழிந்ததா?



கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கையிலுள்ள பணம் வேலையை முடிக்கப் போதுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும் என நம் ஆண்டவர் லூக்காஸ் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் எடுத்துரைக்கிறார். அத்திவாரம் போட்டுவிட்டு வேலையை நிறுத்தியவனைப் பார்த்து ஊரார் நகைப்பார்களாம். தம்மைப் பின்பற்ற வருகிறவர்கள் யோசித்து வரவேண்டும் என்பதற்காகவே அவர் இந்த உவமையைச் சொன்னார். ஆயினும் உவமைக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு சாதாரண மனிதனின் வரவு செலவுக் கணக்கு என்பதைக் கவனியுங்கள். தச்சனின் வீட்டில் வளர்ந்தவருக்கு மரத்தின் விலையும் தெரியும், கூலியின் அருமையும் தெரியும்.

இந்தக் கணக்கைப் பற்றித்தான் நம் மலையக இளைஞர்களோடும் யுவதிகளோடும் இன்று பேச விரும்புகிறேன். தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள், கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் நிற்கிறவர்கள், தையல் ஆலைகளுக்குப் போகிறவர்கள், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் என எல்லோரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இவர்களிடமிருந்து பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். "சம்பளம் வந்த அன்றைக்கே முடிந்துவிடுகிறது சாமி, எதைச் சேமிப்பது?" என்பது முதலாவது. "சேர்த்து வைத்தவர்கள் என்ன கண்டார்கள்? இருக்கும்போது அனுபவிப்போம்" என்பது இரண்டாவது. "நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமென்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே" என்பது மூன்றாவது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதைச் சேமிப்பது?

இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. அதை மறைத்துவிட்டுச் சிக்கனத்தைப் பிரசங்கிப்பது நீதியாகாது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக 2021ல்தான் உயர்ந்தது. மறு ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. 2022 செப்டெம்பரில், கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி, பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. முந்தைய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 170 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா என்று நிர்ணயமானது. 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் அதை 1550 ஆக்கவும், அரசு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு தரவும் முன்மொழிந்தது. ஒவ்வொரு உயர்வுக்கும் எத்தனை மாதப் பேச்சுவார்த்தை, எத்தனை போராட்டம் என்பது உங்களுக்கே தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்பதே நம் தோட்டங்களில் 1984ல்தான் கிடைத்தது.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக்காரனை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம், மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். நம் ஊர் வழக்கில் சொன்னால் அரைப்பேர் போடாமல் எல்லோருக்கும் முழுப்பேர் போட்டுவிட்டார். ஏன்? கடைசியில் வந்தவன் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டும். விண்ணரசின் தாராளத்தைக் காட்ட வந்த உவமை இது. ஆனால் ஒரு நாள் கூலி ஒரு குடும்பத்தின் ஒரு நாளைத் தாங்க வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியில் கிடக்கிறது.

1891ல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலில் இதையே முறைப்படுத்தினார். கூலி தொழிலாளியையும் அவன் குடும்பத்தையும் தாங்கப் போதியதாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் அவன் சிக்கனமாய் வாழ்ந்து சிறிது மிச்சம்பிடித்துத் தனக்கென ஓர் உடைமையைத் தேடிக்கொள்வான் என்பது அவர் போதனையின் சாரம். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நியாயமான கூலி, பிறகு சேமிப்பு. 2025 மேயில் தெரிவான இன்றைய பாப்பரசர் 14ஆம் சிங்கராயர் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டதற்கு அந்தச் சுற்றுமடலையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

ஆகவே சம்பளத்துக்காகக் குரல் கொடுப்பதும் சம்பளத்தைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள். ஒன்றைச் செய்கிறேன் என்று மற்றதை விட முடியாது.

இருக்கும்போது அனுபவிப்போமா?

சேமித்தவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்கிறீர்கள். உங்கள் முன்னோர் சேமிக்க முடியாதபடி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதே சரித்திரம். கடல் தாண்டி வரும்போதே கங்காணியிடம் வாங்கிய முன்பணம் அவர்கள் தலையில் இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால், அவன் பட்ட கடனை எழுதிய 'துண்டு' அவனோடு போயிற்று. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கொடுத்து அவனை எடுத்துக்கொண்டது. துரை மாறினான், தோட்டம் மாறியது, கடன் மாறவில்லை. 1921ல்தான் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. துண்டு ஒழிந்தது; கடன் ஒழிந்ததா? இன்று எந்தக் கங்காணியும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. நாமே போய்க் கையெழுத்துப் போடுகிறோம். தவணைக்குக் கைத்தொலைபேசி, லீசிங்குக்கு முச்சக்கர வண்டி, நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கைமாற்று, அதற்கும் மேலே மீற்றர் வட்டி.

நூற்றுக்குப் பத்து என்றால் சிறு தொகையாகத் தெரிகிறது. உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். 10,000 ரூபா வாங்கினால் மாதம் 1000 ரூபா வட்டி. பத்து மாதத்தில் வாங்கியது முழுவதையும் வட்டியாகவே கொடுத்துவிட்டீர்கள். ஆனாலும் 10,000 ரூபா அப்படியே நிற்கிறது. வருடத்துக்கு 120 வீதம்! தவணைக் கடையிலும் அப்படித்தான். 60,000 ரூபாப் பொருளுக்கு மாதம் 6500 வீதம் பன்னிரண்டு தவணை என்றால், நீங்கள் கொடுப்பது 78,000. "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பவன் ஏமாறுவான். "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்பவன் தப்புவான்.

நுண்கடன் குழுக்களில் சேரும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே உங்கள் கடனுக்கு மட்டுமல்ல, பக்கத்து லயத்துப் பெண்ணின் கடனுக்கும் நீங்களே பிணை. அவள் கட்டாத வாரத்தில் சினேகிதிகளே வசூல்காரராகிறீர்கள். 2018ல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட சிறு கடன்களை அரசே முன்வந்து தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது என்றால், சுமை எவ்வளவு பாரமென்று எண்ணிப் பாருங்கள். பிணை நிற்பதைப் பற்றி சீராக் ஆகமத்தின் 29ஆம் அதிகாரம் அறிவுரை கூறுகிறது: அயலானுக்கு உன் சக்திக்கேற்ப உதவு, ஆனால் நீயே விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்பது அதன் கருத்து. அதே ஆகமம் கடன் வாங்கி விருந்து வைத்து ஆண்டியாகாதே என்றும் எச்சரிக்கிறது. பிள்ளைக்குப் புதுநன்மை கொடுக்கக் கடன் வேண்டாம்; நன்மை வாங்கும் பிள்ளைக்கு வெள்ளை உடுப்பும் தூய உள்ளமும் போதும். சடங்குக்கும் கல்யாணத்துக்கும் ஊர் மெச்சக் கடன் பட்டால், ஊர் மூன்று நாள் மெச்சும், வட்டி மூன்று வருடம் ஓடும்.

கோவில் திருவிழாவுக்கும் இதே நீதிதான். மாற்கு நற்செய்தியில் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைப் புகழ்வதற்குச் சற்று முன்னரே, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். வட்டிக்கு வாங்கிய காசைக் கோவில் கேட்கவில்லை.

நாளையைப் பற்றிக் கவலைப்படலாமா?

வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் காட்டி ஆண்டவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் தடுத்தது கவலையை, கருத்தை அல்ல. கவலை நாளையை நினைத்து இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு புலம்பும். கருத்தோ நாளைக்காக இன்றைக்கு ஒரு சிறு வேலையைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும். வனாந்தரத்தில் மன்னாவை அன்றன்றைக்கு மட்டும் பொறுக்கச் சொன்ன அதே இறைவன், ஓய்வு நாளுக்கு முந்தைய நாளில் இரட்டிப்பாகப் பொறுக்கச் சொன்னார். எகிப்தில் யோசேப்பு, விளைச்சல் மிகுந்த ஏழு ஆண்டுகளிலும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைத்தார். பஞ்சம் வந்தபோது அது எகிப்தியரோடு அவருடைய சகோதரர்களையும் காப்பாற்றியது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வந்தனை ஆண்டவர் மூடன் என்றாரே என்பீர்கள். அவன் சேர்த்ததால் மூடன் அல்ல, தனக்காக மட்டுமே சேர்த்ததால் மூடன். தன் ஆன்மாவோடு மட்டும் பேசினான். அயலானை நினைக்கவே இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மலைகளைச் சரித்ததே, அந்த இரவை மறந்திருக்க மாட்டோம். ஓடித் தப்பும்போது கையில் எடுக்க ஒரு வங்கிப் புத்தகமோ, அடையாள அட்டையோ இருந்த வீட்டுக்கும், ஒன்றுமே இல்லாத வீட்டுக்கும் மறுநாட் காலையில் வேறுபாடு தெரிந்தது. அப்படிப்பட்ட நாளுக்காகவே இந்தக் கருத்து.

செய்யக்கூடியவை

முதலாவது, உங்களுக்குச் சேரவேண்டியதை அறிந்துகொள்ளுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 100 ரூபாவுக்கு 8 ரூபா கழிக்கப்படும். முதலாளி தன் கையிலிருந்து 12 ரூபா போட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 ரூபாவை அவரே போட வேண்டும். மாதம் 30,000 ரூபா வாங்கும் கடைப் பையன் ஒருவனின் பெயரில் இப்படி 6900 ரூபா மாதந்தோறும் சேர வேண்டும். ஒரேயொரு ஊழியர் வேலை செய்யும் கடைக்கும் இந்தச் சட்டம் உண்டு. "கையில் முழுதாகத் தருகிறேன், ஈ.பி.எவ். வேண்டாம்" என்று முதலாளி சொன்னால் அது உங்களுக்குச் செய்யும் உதவியன்று, உங்கள் 15 ரூபாவை அவர் வைத்துக்கொள்கிறார். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அப்போஸ்தலர் யாகப்பர் எழுதியது இதற்கும் பொருந்தும். அடையாள அட்டையில் ஒரு பெயர், நிதியில் இன்னொரு பெயர் என்று எழுத்து மாறியிருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். ஐம்பத்தைந்து வயதில் அலைவதைவிட இருபத்தைந்தில் அலைவது இலகு. வீட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளை 1958ஆம் ஆண்டுச் சட்டம் வெளியே விட்டுவிட்டது. அவர்கள் தங்கள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு வைத்திருப்பது அதனால் இன்னும் அவசியம்.

இரண்டாவது, சம்பளம் கைக்கு வந்தவுடன் முதலில் ஒரு சிறு பங்கை எடுத்து வையுங்கள். செலவு போக மிச்சத்தைச் சேமிப்போம் என்றால் மிச்சம் ஒருநாளும் வராது. நூற்றுக்கு ஐந்து முடிந்தால் ஐந்து. இரண்டு முடிந்தால் இரண்டு. தொகை சிறிதானாலும் பழக்கம் பெரிது.

மூன்றாவது, வீட்டுக்கு அனுப்பும் காசு. தாய் தகப்பனைத் தாங்குவது நான்காம் கட்டளை. கொர்பான் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கண்டித்தார். பெற்றோரே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. மகள் கொழும்பிலே கால் கடுக்க நின்று அனுப்பும் காசு சாராயக் கடைக்குப் போகுமானால், கட்டளையை மீறுவது மகள் அல்ல. மனைவியின் சம்பளத்தைக் கணவனே வாங்கிக்கொண்ட வழக்கம் நம் தோட்டங்களில் நெடுநாள் இருந்தது. அது மகளின் காலத்திலும் தொடர வேண்டியதில்லை. அவள் அனுப்புவதில் ஒரு பகுதியை அவள் பெயரிலேயே போட்டு வையுங்கள்.

நான்காவது, தனியாக முடியாததைக் கூடிச் செய்யுங்கள். வட்டிக்காரரிடமிருந்து ஏழைகளை மீட்க 1462ல் இத்தாலியின் பெரூஜியா நகரில் பிரான்சிஸ்கு சபைத் துறவிகள் குறைந்த செலவில் கடன் தரும் அடகு நிதியை நிறுவினார்கள். கனடாவின் அந்திகோனிஷ் பகுதியில் மோசஸ் கோடி என்ற குருவானவர் 1930களில் மீனவரையும் சுரங்கத் தொழிலாளரையும் சிறு சிறு வட்டங்களாக அமர்த்தி, தங்கள் வறுமையின் காரணங்களைத் தாங்களே ஆராய வைத்தார். அந்த வட்டங்களிலிருந்து கடன் கூட்டுறவுச் சங்கங்கள் பிறந்தன. நம் நாட்டிலும் 1906ல் கண்டிப் பகுதியில் முதல் சிக்கனக் கடன் சங்கம் தொடங்கியது. 1978ல் கிரிவந்தெனிய அவர்கள் அதற்குப் புத்துயிர் கொடுக்க, அது சணச இயக்கமாக வளர்ந்தது. ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒருவர் வார்த்தையை ஒருவர் நம்பி, சிறு தொகையைச் சேர்த்து, நியாயமான வட்டிக்குத் தங்களுக்குள்ளே கொடுத்து வாங்கினார்கள். ஒரு பங்கின் இளைஞர் பத்துப்பேர் கூடினால் இதைத் தொடங்க முடியாதா? கணக்குப் புத்தகம் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கட்டும். காசு வங்கியில் இருக்கட்டும். கையெழுத்து இருவருடையதாக இருக்கட்டும்.

அன்பார்ந்த இளைஞர்களே, கொழுந்துக் கூடையின் பாரத்தை உங்கள் தாய்மார் நெற்றியில் தாங்கினார்கள். அந்த நெற்றியில் விழுந்த தழும்பு உங்கள் பிள்ளைகளின் தலையில் கடனாக இறங்கக் கூடாது. நாசரேத்தில் சூசையப்பர் தம் கைகளின் உழைப்பால் திருக்குடும்பத்தைக் காத்தார். இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்பட வேண்டி வந்தபோது அவரைத் தடுத்து நிறுத்தும் கடன் எதுவும் அவருக்கு இல்லை. கடன்படாத கை ஆண்டவர் அழைக்கும் திசைக்கு நீளும். இந்த மாதச் சம்பள நாளில், காசை எண்ணுவதற்கு முன் ஒரு சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளுங்கள். பிறகு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். உழைப்பாளர்களின் பாதுகாவலராகிய சூசையப்பர் உங்களுக்காக வேண்டிக்கொள்வாராக.