வெட்கம் யாருக்கு?

போன மாதம் எங்கள் புலனக் குழுவில் ஒருவர் ஒரு காணொளியைப் போட்டார். பிரேசில் நாட்டுக் கடற்கரை. ஆணும் பெண்ணும் வயதானவர்களும் உடம்பில் துணியே இல்லாமல் பந்து விளையாடுகிறார்கள், குடை நிழலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். “ஆள் பாதி ஆடை பாதின்னு சொல்வாங்க, இங்க ஆள் மட்டும்தான் இருக்கு” என்று ஒரு தம்பி எழுத, குழுவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். இரண்டு தடவை பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஆர்வத்தில் இந்த நேச்சுரிசம் பற்றிக் கொஞ்சம் படித்தேன். பிரேசில் என்றால் கார்னிவல், அரைகுறை உடை, அங்கே எல்லாம் சகஜம் என்றுதானே நினைக்கிறோம்? அப்படி இல்லை. 1940-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தில், பொது இடத்தில் ஆபாசச் செயல் செய்தால் மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம். 2000-இல் ரியோ கடற்கரையில் மேலாடை இல்லாமல் வெயில் காய்ந்த ஒரு பெண்ணைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது பெரிய சர்ச்சையானது. அதே நாட்டில், கார்னிவல் சமயத்தில் ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம் உடம்பில் சாயம் மட்டும் பூசிய பெண்ணை ஆடவிட்டு வருடா வருடம் வீட்டுக் கூடத்துக்கே அனுப்பியது. 2017-இல்தான் அந்த நடனப் பெண்ணுக்கு உடை வந்தது.

ஊர் பார்க்க ஆடினால் திருவிழா. தன் பாட்டுக்குப் படுத்திருந்தால் குற்றம். இதில் எது ஒழுக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த முரண்பாட்டை வாழ்ந்தே காட்டியவர் டோரா விவாக்வா. 1917-இல் பிறந்தவர், வசதியான குடும்பம். லூஸ் டெல் ஃபுவேகோ என்ற பெயரில் பாம்புகளை உடம்பில் சுற்றிக்கொண்டு மேடையில் ஆடினார். குடும்பத்தார் வெட்கப்பட்டு அவரை மனநல மருத்துவமனையில்கூட அடைத்துப் பார்த்தார்கள். மேடையில் ஆடும்போது பார்க்க வந்த கூட்டத்துக்குக் குறைவில்லை. பிறகு 1950-களில் ரியோவின் குவானபாரா விரிகுடாவில் ஒரு சிறு தீவில் நாட்டின் முதல் நேச்சுரிஸ்ட் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே வேடிக்கை பார்க்க வர முடியாது. வருகிறவரும் உடையைக் கழற்ற வேண்டும். பார்க்கிறவன், பார்க்கப்படுகிறவள் என்ற பிரிவே கூடாது என்பதுதான் அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 1967-இல் அவரைக் கொன்று விரிகுடாவிலேயே போட்டுவிட்டார்கள்.

இன்று பிரேசிலில் இதற்கு 1988-இல் தொடங்கிய தேசியச் சம்மேளனம் இருக்கிறது. அதன் விதிகளைப் படித்தால் நம்ம ஊர் விடுதி வார்டன் எழுதியதோ என்று தோன்றும். உட்காரும் இடத்தில் துண்டு விரிக்க வேண்டும். பாலியல் சேட்டை கூடாது. சம்மதம் இல்லாமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. பராயிபா மாநிலத்துத் தம்பாபா கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. அங்கே துணியில்லாமல் அலைச்சறுக்குப் போட்டிகூட நடந்திருக்கிறது. ஆனால் பெண் துணையில்லாத ஆணுக்கு அந்தப் பகுதியில் அனுமதி இல்லை. தனியாக வரும் பெண்ணுக்குத் தடை இல்லை.

இந்த விதியில்தான் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். உடையைக் கழற்றினால் கள்ளப் பார்வையும் கழன்றுவிடும், எல்லாரும் சமம் என்பதுதானே அவர்கள் வாதம்? அப்படியானால் வாசலில் ஆண்களை ஏன் நிறுத்த வேண்டும்? நல்ல எண்ணத்தோடு தனியாக வருகிறவனுக்கு இது அநியாயம். அவர்களுடைய தத்துவமே அந்த வாசலில் தோற்றுப்போகிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் நான் அந்த விதி பக்கம்தான். கொள்கையைக் காப்பாற்ற ஒரு பெண்ணை முறைக்கவிடுவதைவிட, கொள்கையில் ஓட்டை இருக்கு என்று ஒப்புக்கொள்வது நேர்மை.

அதுக்காக நாமும் அப்படிக் கிளம்பணுமா என்று கேட்காதீர்கள். என்னால் முடியாது, என் வெட்கம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. அது பொய்யான வெட்கம் என்றும் நான் நினைக்கவில்லை. எது உடை என்பது ஊருக்கு ஊர் மாறும். அதே பிரேசிலின் கயாபோ பழங்குடி மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்த டெரன்ஸ் டர்னர், அவர்களுடைய உடல் சாயத்தையும் மணிகளையும் ‘சமூகத் தோல்’ என்று 1980-இல் எழுதினார். வெளியாள் கண்ணுக்கு அம்மணம். அவர்களுக்கோ அது முறையான அலங்காரம். அந்த முறைக்கு அங்கேயும் கட்டுப்பாடு உண்டு.

சரி, காணொளிக்கு வருவோம். படம் எடுக்கக் கூடாத இடத்தில் அதை எடுத்தது யார் என்று குழுவில் கேட்டேன். “யாருக்குத் தெரியும்ணே, எனக்கும் வந்துச்சு, அனுப்பினேன்” என்றான் தம்பி. மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் கவனித்தேன். படம் ஆடுகிறது, ஓரத்தில் பாறை மறைக்கிறது, ஒளிந்திருந்து எடுத்திருக்கிறார்கள். கடைசி நொடியில் என் அம்மா வயதில் ஒரு பெண்மணி இந்தப் பக்கம் திரும்புகிறார். கைப்பேசியைப் பார்த்துவிடுகிறார். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று துண்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார்.