ஐஸ் வைத்த வீடு

விடியலுக்கு முன், கடற்கரைச் சாலை.

லைட் ஹவுஸிலிருந்து வடக்கே நடந்தால் ராணி மேரிக் கல்லூரிக்குப் பிறகு அந்த வீடு வந்துவிடும். முன்பக்கம் வட்டம். ஒன்றின்மேல் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் அடுக்குகள். உச்சியில் அன்னாசிப் பழம் போல ஒரு முடி. பலகையில் விவேகானந்தர் இல்லம் என்று இருக்கிறது. 1963இல் வைத்த பெயர். ஆனால் பஸ் கண்டக்டருக்கு அது ஐஸ் ஹவுஸ். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். உள்ளே ஐஸ் இருந்து நூற்று நாற்பது வருஷமாகிறது. பெயர் இன்னும் கரையவில்லை.

பேத்திக்கு ஏழு வயது. “யார் பாட்டி இந்தக் கேக் வீட்டைக் கட்டினது?” என்றாள். சொன்னேன். நம்பவில்லை.

*

அன்று நான் சொன்னது இவ்வளவுதான். அமெரிக்காவில் பாஸ்டனில் ஃபிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி. அந்த ஊர்ப் பக்கம் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துபோகும். குளத்தின்மேல் குதிரையை நடத்தி, பின்னால் கட்டிய கலப்பை மாதிரியான கத்தியால் பனிக்கட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டுவார்கள். மரவாடிகளில் வீணாகக் கிடந்த மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். ஆப்பிரிக்காவின் முனையைச் சுற்றிக்கொண்டு நான்கு மாதப் பயணம். வெயில் கொளுத்தும் பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடக்க வேண்டும். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தபோது, ஏற்றிய 180 டன்னில் 100 டன் அளவுக்குக் கட்டியாகவே வந்து சேர்ந்தது. சென்னையில் இந்தக் கிடங்கு 1842இல் எழுந்தது.

அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுக்காரர்கள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கி வர வேண்டும். தைத்த பலகைகளால் ஆன படகு அது, ஆணி கிடையாது. கோடை வெயிலில் வெற்றுடம்போடு துடுப்புப் போடுகிறவனின் காலடியில் மாசசூசெட்ஸ் குளத்தின் பனிக்கட்டி. அவன் அதைத் தொட்டுப் பார்த்திருப்பான். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தாலும் தப்பில்லை.

துறைமுக வேலை 1876இல் தொடங்கியது. அதன் கல்கரை தடுத்து நிறுத்திய மணல்தான் தெற்கே சேர்ந்து சேர்ந்து இத்தனை அகலமான மெரீனா ஆயிற்று. கட்டிய காலத்தில் கடல் இந்த வீட்டுக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது. வீடு நகரவில்லை, கடல்தான் நகர்ந்தது. இதைச் சொன்னதும் பேத்திக்கு முழுச் சந்தேகம் வந்துவிட்டது.

*

மத்தியானம். தூக்கம் வரவில்லை.

பேத்தி சொன்ன கேக் வீடு மாதிரி, உலகத்தில் கதைப் புத்தக வீடுகள் என்று பேர் வாங்கியவை நிறைய. கலிஃபோர்னியாவில் கார்மெல் என்ற சிற்றூரில் ஹ்யூ காம்ஸ்டாக் என்பவர் 1924இல் ஒரு குட்டி வீடு கட்டினார். அவர் மனைவி துணிப் பொம்மை செய்கிறவர். வீடெங்கும் பொம்மை நிறைந்து இருக்க இடமில்லாமல் போனதால், பொம்மைகளுக்கென்றே தனி வீடு. கோணல் கூரை, ஒழுங்கில்லாத புகைபோக்கி, எல்லாம் வேண்டுமென்றே. பார்த்தவர்கள் எங்களுக்கும் ஒன்று என்று கேட்க, ஊரே அப்படி ஆகிவிட்டது.

எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். மயிலாப்பூர்க் கொலுப் பொம்மைகளுக்கு வருஷத்தில் பத்து நாள்தான் வெளிச்சம். மற்ற நாளெல்லாம் பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் கிடக்கின்றன. தனி வீடு கேட்கத் தெரியாத பொம்மைகள்.

ஆனாலும், அழகாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கோணலாக்கிய கூரை எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடுகிறது. நம் ஊர்க் குழந்தைகளும் வீடு கட்டியவர்கள்தான். மணலில் கட்டுகிற அந்தக் குட்டி வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். பிள்ளைத்தமிழில் அதற்கென்று ஒரு பருவமே உண்டு. அழிக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுகிற பருவம். ஆண்டாளும் கண்ணனிடம் அதையே கேட்கிறாள். காலால் ஒருவன் உதைக்கப் போகிறான் என்று தெரிந்தே கட்டுகிற வீடு. அதில் அழகுக்கென்று தனியாக யாரும் மெனக்கெடுவதில்லை.

ஐஸ் ஹவுஸும் அப்படித்தான். அது லாபக் கணக்குக்காகக் கட்டிய சரக்குக் கிடங்கு.

*

அமெரிக்க எழுத்தாளர் தோரோவும் இந்தக் கதையில் வருகிறார். வால்டன் குளக்கரையில் 1845இல் தன் கையாலேயே ஒரு குடில் கட்டிக்கொண்டார். பத்தடிக்குப் பதினைந்தடி. செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். அந்த அரை சென்ட்டையும் எழுதி வைத்த மனிதர். 1846–47 குளிர்காலத்தில் அதே குளத்தில் ஆட்கள் கூட்டமாக வந்து ஐஸ் வெட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெட்ராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வேர்த்துக் கிடப்பவர்கள் தன் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எழுதினார். காலையில் அவர் படித்துக்கொண்டிருந்தது பகவத் கீதை.

இங்கே ஒரு கிடங்கு, அங்கே ஒரு குடில்; நடுவில் உருகிக்கொண்டே வரும் ஒரு கப்பல். எத்தனையோ முறை இதை யோசித்திருக்கிறேன். யோசித்து ஒன்றும் ஆவதில்லை. யோசிக்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

*

நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே ஐஸ் செய்ய வந்ததும் டியூடர் கம்பெனியின் வியாபாரம் படுத்தது. பிளிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் கட்டிடத்தை வாங்கினார். குளிர் வெளியே போகாதபடி கட்டிய சுவரில் ஜன்னல் வைத்து, கெர்னான் என்ற நீதிபதியின் பெயரைச் சூட்டி, கெர்னான் கோட்டை ஆக்கிக் குடியேறினார். 1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கேதான் தங்கினார். பிறகு அவருடைய சக துறவி ராமகிருஷ்ணானந்தர் வந்து மடம் நடத்தினார். ஐயங்கார் இறந்தபின் வீடு 1906இல் ஏலத்துக்குப் போக, மறு வருஷம் மடம் மயிலாப்பூருக்கு இடம் மாறியது.

எல்லாரும் அந்தப் பிப்ரவரியைப் பற்றியே பேசுகிறார்கள். என் மனம் நிற்பது அதற்கப்புறம். சகோதரி சுப்பலட்சுமி மயிலாப்பூர்ப் பெண். சிறுமியாக இருக்கும்போதே கைம்பெண் ஆனவர். 1911இல் பி.ஏ. முடித்தார். தன்னைப்போலவே ஆன சிறுமிகளை ஒரு விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். அரசாங்கம் இந்தக் கட்டிடத்தை வாங்கியபின் அந்த விடுதி இங்கே நடந்தது. தெருவில் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஊர் ஒதுங்கிய காலம். அந்தப் பெண்களுக்கு இந்த வட்ட வீடும் எதிரே ஒரு கடலும் கிடைத்தன.

சாயங்காலத்தில் அவர்களில் யாராவது மணலில் சிற்றில் கட்டியிருப்பார்களா? பத்து, பன்னிரண்டு வயதுதானே. கல்யாணமும் முடிந்து, அதற்கப்புறமானதும் முடிந்து, திரும்பவும் மணலுக்கு வந்து உட்காரும் வயது.

இதைப் பேத்தியிடம் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்.

*

நவராத்திரி, இரண்டாம் நாள்.

கொலுவுக்குக் கீழே பார்க் போடுவது அவள் பொறுப்பு. தட்டில் மணல் கொட்டி, ஒரு வாரம் முன்பே கேழ்வரகு தூவித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். விரல் உயரத்துக்குப் புல் வந்திருக்கிறது. குளத்துக்கு என் கைக்கண்ணாடி. வழக்கமாகக் கண்ணாடிமேல் பிளாஸ்டிக் வாத்து நீந்தும். இந்த வருஷம் வாத்தைக் காணோம். கண்ணாடி முழுக்கப் பஞ்சு. நடுவில் சொப்புக் குதிரை ஒன்று நிற்கிறது.

மணலின் அந்தக் கோடியில் மூன்று எவர்சில்வர் கிண்ணங்கள், பெரிதின்மேல் சிறிதாகக் கவிழ்த்து. உச்சியில் ஒரு கிராம்பு.

“வீடு நன்னா இருக்கே. ஜன்னல் எங்கேடி?” என்றேன்.

குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: “இன்னும் வக்கீல் வாங்கலை, பாட்டி.”