மாணவன் சொன்னதை வீட்டில் சொல்லலாமா?

தனக்குக் ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பழக்கம் இருப்பதாகப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியரிடம் சொல்கிறான். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றும் கெஞ்சுகிறான். ஆசிரியர் என்ன செய்வது அறம்? காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுதல். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் தறியும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ். தெருவில் பாவு நீட்டும்போது பக்கத்து வீட்டாரும் கைகொடுப்பார்கள். அப்பாவின் காதுக்குப் போனது பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். சில வீடுகளில் படிப்பை நிறுத்திப் பையனைத் தறியில் உட்காரவைப்பதே தண்டனையாகவும் ஆகலாம்.

சொல்லிவிட வேண்டும் என்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோரே பொறுப்பு. தெரியாத ஒன்றிலிருந்து அவர்கள் எப்படிக் காப்பாற்றுவார்கள்? நாளை விபரீதம் நேர்ந்தால், தெரிந்தும் மறைத்தார் என்ற பழி ஆசிரியரைச் சேரும். அந்தப் பழி நியாயமானதும்கூட.

ஆனால் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்பது பெற்றோருக்கு எப்படித் தெரியவருகிறது? ஸ்வீடனில் பதினான்கு வயதினரை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000-இல் தந்த விடை, கண்காணிப்பை நம்பியவர்களைத் திகைக்கவைத்தது. துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் அறிந்ததைவிட, பிள்ளைகள் தாமாகச் சொல்லிப் பெற்றோர் அறிந்ததே அதிகம். அப்படிச் சொல்லும் பிள்ளைகளிடம் தவறான நடத்தையும் குறைவு. எது காரணம், எது விளைவு என்பதை இந்த ஒரு ஆய்வால் அறுதியிட முடியாது. ஆனாலும் நம்பிச் சொன்னவனைக் காட்டிக்கொடுத்தால் அவனோடு சேர்ந்து அவன் நண்பர்களும் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

சட்டமும் அவனைக் குற்றவாளியாக்க அவசரப்படவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளைகளுக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கே ஏழாண்டு வரை சிறை என்கிறது. பெற்றோரின் உரிமையையும் அந்த நோக்கில்தான் பார்க்க வேண்டும்: அது பிள்ளையைக் காக்கும் உரிமை. காப்பாற்ற உதவாத நேரத்தில், உதவாத விதத்தில் சேதியைப் போட்டு உடைப்பது அந்த உரிமையை மதிப்பதாகாது.

மௌனத்துக்கும் எல்லை உண்டு. 2019-இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வில், முகர்ந்து இழுக்கும் போதைப்பொருட்களில் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களின் விகிதம் அதிகம்: 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. வைட்னர், பஞ்சர் பசை போன்றவற்றின் ஆவி முதல் முறையிலேயே இதயத்தை நிறுத்திவிடக்கூடும். பையன் அதைத் தொட்டிருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அவனிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே பெற்றோரையும் மருத்துவரையும் அழைப்பதே கடமை.

மற்ற நேரங்களில் அவனே வீட்டில் சொல்ல அவகாசம் தரலாம். சொல்லும்போது ஆசிரியர் உடனிருக்கலாம். ஆனால் இந்த எல்லையை அவன் மனம் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று நிபந்தனையின்றி வாக்களிக்கும் ஆசிரியர், பின்னர் எதைச் செய்தாலும் ஒருவரை ஏமாற்றியே தீருவார். தவறு அந்த வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது.