தலைவனுக்கும் எட்டு மணித்தியாலம்

“அவர் தமக்கென வாழாதவர்; வீட்டையும் மறந்தார், உறக்கத்தையும் மறந்தார்.” பொதுவாழ்வில் ஈடுபட்ட ஒருவரைப் புகழ நாம் வழக்கமாகக் கையாளும் சொற்கள் இவை. இப்புகழுரையைக் கேட்போர் எழுப்பாத வினாவொன்று உண்டு. அவர் மறந்த வீட்டை நினைவில் வைத்திருந்தவர் யார்? தனிமனித ஒழுக்கத்தைப் பற்றிய வினாப்போலத் தோன்றினும், இது உழைப்பைப் பற்றிய வினாவேயாகும்.

1866ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கார்ல் மார்க்ஸ் எழுதிய இரண்டை அருகருகே வைத்து நோக்குவோம். ஒன்று, முதலாம் அகிலத்தின் ஜெனீவா மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு அவர் வரைந்த அறிவுறுத்தல். வேலைநாள் எட்டு மணித்தியாலமாக வரையறுக்கப்படல் வேண்டும் என்று அதில் அவர் கோரினார். உடல்நலத்தை மீட்பதற்கும், அறிவு வளர்ச்சிக்கும், மனிதர் மனிதரோடு கூடிப் பழகுவதற்கும், அரசியற் செயலுக்கும் அவ்வரையறை இன்றியமையாதது என்பது அவர் காட்டிய காரணம்.

மற்றையது, தம் மகள் லோராவை மணக்க விரும்பிய போல் லஃபார்க் என்னும் இளைஞருக்கு எழுதிய கடிதம். தம் உடைமை அனைத்தையும் புரட்சிப் போராட்டத்துக்கு அளித்தமைக்காகத் தாம் வருந்தவில்லை என்கிறார்; வாழ்வை மீண்டும் தொடங்க நேரினும் அவ்வாறே செய்வாராம். ஆயின் மணம் மட்டும் செய்துகொள்ளமாட்டாராம். தாயின் வாழ்வு எந்தப் பாறைகளில் மோதிச் சிதைந்ததோ, அவற்றினின்றும் மகளையேனும் காக்க விரும்புவதாக எழுதுகிறார். தொழிலாளர் அனைவருக்கும் ஓய்வைக் கோரிய அதே கை, தன் இல்லத்தில் அது இல்லாது போனதையும் அதே மாதத்தில் எழுதியது.

அவ்வில்லத்தின் கணக்கைச் சிறிது பார்ப்போம். இலண்டனில் டீன் வீதியில் வாழ்ந்தபோது, 1850க்கும் 1855க்கும் இடையில் மூன்று பிள்ளைகள் இறந்தன. பிறரால் வாசித்தற்கரிய கணவரின் கையெழுத்தைப் பிரதி செய்து கொடுத்தவர் ஜென்னி. சமையலையும் கடன்காரரையும் சமாளித்தவர் ஹெலன் டெமூத். ஏங்கெல்ஸோ நண்பரின் குடும்பத்துக்கு உதவுவதற்காக, தாம் வெறுத்த வாணிப வேலையில் மன்செஸ்டரில் 1869 வரை உழன்றார். 1867இல் ‘மூலதனம்’ முதற் பாகம் வெளிவந்தது. அந்நூலுக்குத் தம் உடல்நலத்தையும் இன்பத்தையும் குடும்பத்தையும் பலியிட்டதாக அவ்வாண்டிலேயே நண்பர் ஒருவருக்கு அவர் எழுதினார்.

மார்க்ஸ் அன்பற்றவராக இருந்தார் என்று இதனாற் கொள்ளலாகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஹம்ஸ்டெட் வெளிக்கு நடந்து சென்றவர் அவர். பிள்ளைகளுக்குக் கதை சொல்லி மகிழ்ந்தவர். வறுமையும் நாடுகடத்தலும் அவராகத் தேடிக்கொண்ட அணிகலன்கள் அல்ல. அத்தியாகம் இன்றி அந்நூல் தோன்றியிருக்குமா என்று கேட்பவர்க்கு எளிய விடையும் இல்லை. ஆயினும், நெருக்கடி சுமத்திய துன்பம் வேறு. அத்துன்பத்தைத் தலைமைக்குரிய இலட்சணமாக்கிப் போற்றுவது வேறு. முன்னதைச் செய்தது வரலாறு. பின்னதைச் செய்பவர் நாம்.

சட்டமும் இவ்வழக்கத்துக்குத் துணைபோயிற்று. 1919இல் சர்வதேசத் தொழில் அமைப்பின் முதலாவது சமவாயம் கைத்தொழிலில் எட்டு மணித்தியால வேலைநாளை வகுத்தது; ஆனால் மேற்பார்வை, முகாமைப் பதவியினரை அதற்குப் புறம்பாக்கியது. இன்று அத்தகையோருக்கு ஓய்வே ஒரு பண்டமாக விற்கப்படுகின்றது. நன்றாக உறங்கு, மனத்தைப் பேணு, அப்பொழுது இன்னும் அதிகமாக உழைக்கலாம் என்பது அவ்வாணிபத்தின் உபதேசம். இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? மனிதர் மனிதரோடு பழகுவதற்கென மார்க்ஸ் கேட்ட நேரம், உற்பத்தியைப் பெருக்கும் கருவியாக இங்கே சுருங்கிவிடுகின்றது.

ஒரு சங்கத்தின் செயலாளரை, ஒரு பாடசாலையின் அதிபரை எண்ணிப் பாருங்கள். இரவு பத்து மணிக்கும் தொலைபேசி அவரை அழைக்கின்றது. அவர் ஒரு வாரம் நோயுற்றால் எல்லாம் நின்றுவிடுமெனில், அது அவரது பெருமைக்குச் சான்றாகாது. பொறுப்பைப் பகிரவும், அடுத்தவரைப் பயிற்றவும் அவ்வமைப்புத் தவறியது என்பதே அதன் பொருள். தன்னையன்றி யாராலும் இயலாது என எண்ணும் தலைமை, தன் தோழரை நம்பாத தலைமையுமாகும்.

தன் உறக்கத்தை ஒருவர் தியாகம் செய்யலாம், அது அவருடையது. மனைவியின் அல்லது கணவனின் காலத்தையும், பிள்ளையின் மாலைப்பொழுதையும் அவர்களைக் கேளாமலே கொடுத்துவிடுவதைத் தியாகம் என்று அழைத்தல் பொருந்தாது. பிறர் உழைப்பைக் கேளாமல் எடுத்துக்கொள்வதற்கு நாம் இட்ட பெயர் வேறு. அப்பெயரை ஆலைவாயிலில் உரத்துச் சொல்லும் நாம், நம் வீட்டுவாயிலிலும் சொல்லக் கற்றல் வேண்டும்.