நீர்க்காகம் செய்த குற்றம்

டொராண்டோவின் டாமி தாம்சன் பூங்கா இயற்கை தந்த நிலம் அல்ல. 1950களிலிருந்து நகரத்தில் இடித்த கட்டடங்களின் கல்லும் கம்பியும் ஒன்டாரியோ ஏரியில் கொட்டிக் கொட்டி உண்டானது. 1990இல் அங்கே கூடு கட்டத் தொடங்கிய நீர்க்காகங்கள் பின்னர் பத்தாயிரம் கூடுகளைத் தாண்டிப் பெருகின. வசந்தத்தில் போனால் பறவை கண்ணில் படுமுன் நாற்றம் வந்துவிடும். எச்சம் பட்டு வெளுத்த மொட்டை மரங்கள். தரைக்கூடுகளில் சுள்ளியோடு நைலான் கயிறும் கிடக்கும். தூரத்தில் வெறும் கறுப்புப் பறவை. தொலைநோக்கியில் பார்த்தால் தொண்டை ஆரஞ்சு, கண் மரகதப் பச்சை.

2020இல் ஒன்டாரியோ அரசு இந்தப் பறவையைச் சுட அனுமதித்தது. செப்டம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரை, ஒருவருக்கு நாளுக்கு 15 பறவைகள். 2018இல் முன்மொழிந்தது நாளுக்கு 50! எதிர்ப்பு வந்ததால்தான் குறைந்தது. சுட்டதைத் தின்ன வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எடுத்து அப்புறப்படுத்தினால் போதும். சுட்டதைத் தின்னாத வேட்டையை வேட்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அண்ணை, உது ஏரி மீன் முழுக்க விழுங்கிப்போடும்," என்பார் தூண்டிலோடு திரியும் நண்பர் ஒருவர். ஆனால் பேரேரிகளில் இவை பெரும்பாலும் தின்பது கோபி, அலைவைஃப் போன்ற, வெளியிலிருந்து வந்து பெருகிய சிறு மீன்களை. வந்தேறி மீனைத் தின்னும் மண்ணின் பறவைக்குத்தான் தண்டனை. டிடிடி நஞ்சால் முட்டை ஓடு மெலிந்து, 1970களின் தொடக்கத்தில் இந்த ஏரிகளில் அநேகமாக அற்றுப்போய், மீண்டு வந்த இனம் இது.

வேடந்தாங்கல் நினைவுக்கு வராமல் இருக்குமா? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஊர். அங்கே நீர்க்காகமும் கூடு கட்டும். ஊராரை மகான்களாக்க வேண்டியதில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், ஆதாயம் இருந்தது. அங்கே வரமான அதே எச்சம் இங்கே மரத்தைக் கொல்லும் குற்றமாகிறது. நமக்கு ஆதாயம் இல்லாவிட்டால் ஓர் உயிருக்கு இருக்க உரிமை கிடையாதா என்பதுதான் என் கேள்வி. இத்தனைக்கும் அந்த மரங்கள் நிற்பது நாம் ஏரியைத் தூர்த்த இடத்தில்.

சுடாமலும் சமாளிக்கலாம். பூங்காவைப் பராமரிக்கும் டொராண்டோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையம் 2008 முதல் மரங்களில் கூடு கட்டவிடாமல் தடுத்து, பறவைகளைத் தரைக்கு இறக்கிவருகிறது. பொறுமை வேண்டிய வேலை, நடக்கிறது.

வனவிலங்கு விதிகளை மாற்றுமுன் மாகாண அரசு சுற்றுச்சூழல் பதிவேட்டில் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். ஐம்பதைப் பதினைந்தாக்கியதில் அப்படி எழுதியவர்களுக்குப் பங்குண்டு. இந்த மாகாணத்தில் இத்தனை தமிழர் இருக்கிறோம். அடுத்த முறை நாமும் எழுதுவோம்.