பழைய கோப்பும் திறக்கட்டும்

1991-இல் வந்த ஒருங்குறி (யூனிகோடு) எனும் எழுத்துக் குறியீட்டு முறை, தமிழுக்கு 1988-இன் இந்தியத் தரக் குறியீடான இஸ்கியின் வரிசையையே பின்பற்றியது. பழைய தரவு எளிதாக மாற வேண்டும் என்பதே நோக்கம். பின்னர் வந்த டேஸ்-16 எனும் குறியீட்டு முறை, தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தந்தது. அமைப்பில் அதுவே சீரானது. 2010-இல் தமிழக அரசு இரண்டையும் தரமாக ஏற்றது. ஆனால் கைபேசிகளில் நிலைத்தது ஒருங்குறிதான்.

திருச்சுழிப் பக்கம் கண்மாய்க்குப் புது மடை கட்டினால், பழைய ஆயக்கட்டின் கடைசி வயலுக்கும் தண்ணீர் பாய வேண்டும். கணினிக்கு இயங்குதளம் வடிவமைப்பவருக்கும் அதே பொறுப்பு உண்டு. அருப்புக்கோட்டை அச்சகக் கணினியில், ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் கிடக்கும் கோப்பும் ஒருவரின் உழைப்பே.

புதியதைச் செம்மையாகக் கட்டுங்கள். பழையதைத் திறக்கும் வழியையும் சேர்த்தே கொடுங்கள்.