ஜாதி நாயும் அச்சமும்

‘ஜாதி நாய்’ என்னும் சொல் நம்மவர் வாயில் மிக எளிதாக வருகின்றது. சமத்துவம் பேசும் நண்பர்களுங்கூட ஒரு நாயைக் கண்டவுடன் அது என்ன ஜாதி என்று கேட்கத் தயங்குவதில்லை. மனிதரிடத்தில் கேட்க வெட்கப்படும் கேள்வியை நாயினிடத்தில் கேட்கலாம் என்பது அவர்கள் எண்ணம் போலும். அதனை ஒரு பெருங்குற்றமாக எடுத்துப் பேச நாம் முன்வரவில்லை. ஆயினும் அச்சொல்லுக்குள்ளே ஒரு சித்தாந்தம் ஒளிந்து கிடக்கின்றது. தைரியமும் கோழைத்தனமும் இரத்தத்தில் வருவன. ஜாதி நாய் நிமிர்ந்து நிற்கும், தெருவில் பிறந்தது வாலை ஒடுக்கிக்கொண்டு மூலையில் பதுங்கும், அதனை எவராலும் மாற்ற முடியாது என்பதே அச்சித்தாந்தம். இது உண்மைதானா?

சிங்கப்பூரில் இக்கேள்வி திண்ணைப் பேச்சன்று. விதிகளிலேயே இடம் பெற்றது. இந்நாட்டில் குடியிருப்போருள் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். அவ்வீடுகளில் குடும்பத்துக்கு ஒரு நாய்தான். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறு இனங்களுள் ஒன்றாயிருத்தல் வேண்டும். துவாஸிலும் கிராஞ்சியிலும் லிம் சூ காங்கிலும் புதரோரம் பிறக்கும் கலப்பு நாய்க்கு அப்பட்டியலில் இடமில்லை. அன்பர்கள் அதற்குச் ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று அழகாகப் பெயரிட்டனர். பெயர் கிடைத்ததேயன்றி வாயிற்கதவு திறக்கவில்லை. 2012ஆம் ஆண்டில்தான் ‘அடோர்’ என்னும் திட்டத்தின்படி, நாய்நலச் சங்கங்கள் மீட்ட கலப்பு நாய்கள் அடுக்குமாடி வீடு புகலாயின. கருத்தடை, தோலுக்கடியில் அடையாளச் சில்லு, ஒழுக்கப் பயிற்சி, உயரக் கட்டுப்பாடு எனப் பல நிபந்தனைகள். 62 இனங்களில் பிறந்த நாய் கால்நடையாக நுழையும் வாசலுக்குள் இவை பரீட்சை எழுதித்தான் நுழைய வேண்டும். 2018ஆம் ஆண்டின் இறுதியில், தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வீடு தேடித் தருவதும் இயலாதவற்றை மீண்டும் விடுவதுமான திட்டத்தையும் சர்க்கார் தொடங்கினர். அதற்கு முன் பிடிபட்டவற்றுள் பலவற்றின் முடிவு ஊசி மருந்தாகவே இருந்தது.

தெருவுக்கும் நிலையான வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம் உண்டு. தற்காலிக வளர்ப்பு என்று அதனைச் சொல்லலாம். ஒரு குடும்பத்தார் குட்டியைச் சில வாரங்களோ மாதங்களோ வைத்திருந்து, மனிதரோடு வாழப் பழக்கி, பிறகு வேறொருவர் கையில் ஒப்புவித்துவிடுவர். நம் மைத்துனர் குடும்பம் சிராங்கூன் ரோட்டை அடுத்த ஒரு சந்தில் கடைவீட்டின் மாடியில் குடியிருக்கின்றது. சென்ற ஆண்டு அவர்களிடம் அவ்வாறு ஒரு பெண் குட்டி வந்து சேர்ந்தது. துவாஸில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் பிறந்து, அங்கே வேலை செய்த நம் ஊர்த் தொழிலாளர் தங்கள் சோற்றுப் பொட்டலத்தில் பங்கு போட்டதனால் உயிர் பிழைத்திருந்தது அது. ஜோகூர்த் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு வார இறுதியில் அங்கே போகும் வழக்கம் உண்டாதலால், நடந்தவற்றை அருகிருந்து காண நேர்ந்தது.

முதல் ஒன்பது நாட்கள் அக்குட்டி தையல் இயந்திரத்தின் அடியைவிட்டு வெளியே வரவில்லை. விளக்கணைத்த பின்னரே உண்ணும். கோயில் மணி ஒலித்தால் நடுங்கும். கீழே லாரி பின்வாங்கும் ‘பீப் பீப்’ ஓசை கேட்டால் இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். தோட்டத்திலே வளர்ந்த நம் அத்தை அவர்கள் ஒரு வைத்தியம் சொன்னார்கள்: இழுத்து மடியில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டால் பயம் தெளிந்துவிடும் என்பது. அவ்வாறே பிடித்தபோது குட்டி அசையவில்லை. ‘பார்த்தீர்களா, அடங்கிவிட்டது’ என்றார்கள். ஆனால் கால்கள் மரக்கட்டைபோல் விறைத்திருந்தன. காதுகள் மண்டையோடு ஒட்டியிருந்தன. மூக்கருகே நீட்டிய கோழித்துண்டை அது முகர்ந்தும் பார்க்கவில்லை. அடங்கியிருத்தல் வேறு, அமைதியாயிருத்தல் வேறு. இந்த வேற்றுமையைத் தோட்டத்து ஆபீஸ்களில் உட்கார்ந்திருப்போர் யாவரும் நன்கு அறிந்துகொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஆராய்ச்சியாளர் சொல்வதைப் பார்ப்போம். அமெரிக்காவில் மேயின் மாகாணத்துப் பார் ஹார்பரில் நடத்தப்பட்டு 1961ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், குட்டிகளை மனிதர் தொடாமல் வேலியிட்ட வெளியில் வளர்த்து, வெவ்வேறு வயதில் சிலவற்றை மட்டும் ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டனர். இளம் வாரங்களில் பழகியவை மனிதரை நாடின. பதினான்கு வாரம் வரையில் மனிதக் கை படாதவை காட்டு மிருகம்போல் ஓடின. வேற்றுமை வாரக்கணக்கில் இருந்தது. பிறவிக்கூறு என்பது சிறிதும் இல்லை என்று நாம் வாதிக்கவில்லை; சில இனங்கள் மற்றவற்றினும் எளிதில் மிரளும் என்பதும் அதே இடத்து ஆராய்ச்சியால் தெரிந்ததே. ஆனால் மூலையில் பதுங்கும் ஒரு குட்டியைக் கண்டவுடன் குற்றத்தை அதன் பாட்டன் தலையில் சுமத்துவோர், அதன் முதல் மூன்று மாதம் எவ்வாறு கழிந்தது என்று ஒருகாலும் கேட்பதில்லை.

1967ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மேயர் என்னும் இருவர் நாய்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். சில நாய்களுக்கு மின்சார அதிர்ச்சியைத் தம் தலையால் ஒரு பலகையை அழுத்தி நிறுத்த வழி இருந்தது. வேறு சிலவற்றுக்கு அவ்வழி இல்லை. மறுநாள் எளிதில் தாண்டித் தப்பக்கூடிய ஒரு பெட்டிக்குள் விட்டபோது, வழி அறிந்தவை தாண்டின. வழியற்றிருந்தவற்றுள் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு வேதனையை ஏற்றன. சோதனை கொடியது, அதனை நாம் மெச்சவில்லை. உதவியற்ற நிலையை நாய்கள் ‘கற்றுக்கொண்டன’ என்று அவ்விருவரும் அன்று முடிவு கட்டினர். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்து, 2016ஆம் ஆண்டில், மூளையை ஆராய்ந்த பயனாக அவர்களே அம்முடிவைத் தலைகீழாகத் திருப்பினர். நீடித்த துன்பத்தில் ஒடுங்கிக் கிடப்பதே உயிரின் முதல் இயல்பு. தன் செயலுக்குப் பலன் உண்டு என்னும் அறிவுதான் பிறகு கற்கப்படுவது என்றனர். இது நமக்கு மிகப் பெரிய செய்தியாகத் தோன்றுகின்றது. ஏனெனில், ஒடுங்கிக் கிடப்பவனுக்குக் ‘கோழை’ என்று பெயரிட இனி எவருக்கும் உரிமையில்லை. அவனுக்கு ஒரு பாடம் இன்னும் கற்பிக்கப்படவில்லை, அவ்வளவே.

சந்துவீட்டில் அப்பாடம் நடந்த விதம் மிக எளிது. மைத்துனர் மனைவியார் குட்டியை நேருக்கு நேர் நோக்காமல் பக்கவாட்டில் தரையில் அமர்ந்து, அவித்த கோழித்துண்டை எறிந்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். கையைத் தலைக்கு மேல் கொண்டு செல்வதில்லை. குட்டி முகத்தைத் திருப்பினால் நீட்டிய கை உடனே பின்வாங்கும். இதில்தான் சூட்சுமம் இருக்கின்றது. அக்குட்டி முதலில் கற்றது ‘வா’ என்பதையன்று; தான் ‘வேண்டாம்’ என்றால் அது செல்லும் என்பதை. ‘வேண்டாம்’ செல்லுபடியான பிறகே அது தானாக முன்வந்தது. பின்னர் படிக்கட்டு, பின்னர் விடியற்காலையில் ஆளரவமற்ற சந்து, பல வாரங்களுக்குப் பின் பூக்கடை ஓரம். பூக்கடைக்காரர் முதலில் காலை உயர்த்தி உட்கார்ந்துகொண்டார். இத்தீவில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லையெனினும், அவர் பிறந்த ஊரில் அது இன்றும் ஆளைக் கொல்வது. ஆகவே அவர் அச்சத்தையும் நாம் பரிகசிப்பதற்கில்லை. அவருக்கும் சில வாரங்கள் பிடித்தன.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு வேறொரு கோரிக்கையும் வைத்தனர். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. கிராணிமார் நாமும் அதில் அடக்கம் என்பதை வாசகர் கவனிக்க. பட்டாளம் வந்தது, சுட்டார்கள், தொழிலாளர் மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ‘இவர்கள் சாதுக்கள், பிறவியிலேயே பணிவானவர்கள்’ என்று அதுவரையில் எழுதி வந்தவர்கள், யாரோ தூண்டிவிட்டார்கள் என்று மாற்றி எழுதினர். மடியில் அமுக்கப்பட்டவனின் விறைப்பை அமைதி என்று படித்தவர்கள் வேறெவ்விதம் எழுதுவார்கள்? தொழிலாளரை நாயோடு ஒப்பிடுவதா என்று சினங்கொள்ள வேண்டாம். அச்சத்தை உண்டாக்கும் முறை எவ்வுயிர்க்கும் ஒன்றே என்பதைத்தான் சொல்லுகின்றோம்.

இனி, ஓர் ஆட்சேபம் உண்டு. மனிதன் லாரியின் பின்புறத்தில் சரக்கோடு சரக்காக அமர்ந்து வேலைக்குப் போகும் ஊரில் நாய்க்குட்டிக்குத் தைரியம் ஊட்டுவதா என்பர். இது தள்ளத்தக்க கேள்வியன்று. தம் நாய்க்கு இறைச்சியிட்டு, லயத்துப் பிள்ளைக்குக் கஞ்சிக்கும் வகையில்லாத கூலி கொடுத்த துரைமார் உண்டு. ஆகையால் நாயிடத்து அன்பு மனிதரிடத்து அன்பாகத் தானே மாறிவிடும் என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் அந்தக் குட்டிக்கு முதற்சோறு போட்டவர்கள் லாரியில் போகிறவர்களே என்பதை ஆட்சேபிப்பவர் மறந்துவிடுகின்றனர்.

கடைசியாக, கொடுத்துவிடுதல். குட்டி ஒருவரிடம் மட்டும் தைரியமாயிருந்தால் அது தைரியமாகாது, சார்பு ஆகும். ஆகவே மைத்துனர் மனைவியார், தமக்கு மிகவும் நெருங்கி வந்த நாள்முதலே, பிறர் கையாலும் அதற்கு உணவிடச் செய்தார். அது அவருக்கு எளிதாயிருக்கவில்லை என்பதை நாம் அறிவோம். தோ பாயோவிலிருந்து ஒரு குடும்பத்தார், அத்திட்டத்தின்படி எடுத்துக்கொள்ள, மூன்று முறை வந்தனர். முதன்முறை குட்டி தையல் இயந்திரத்தின் அடியில். இரண்டாம் முறை அவர்கள் செருப்பை முகர்ந்தது. மூன்றாம் முறை அவர்கள் சிறுமியின் பக்கத்தில் வந்து, தொடும் தூரத்துக்குச் சற்று அப்பால், படுத்துக்கொண்டது. அவர்கள் வீடு பதினோராம் மாடி. அத்தை அவர்கள் ஒரு பழம்பாயைச் சுருட்டிக் கொடுத்து, மின்தூக்கியின் கதவு திறக்கும்போது அவள் உட்கார்ந்துவிட்டால் இழுக்க வேண்டாம், அடுத்தது வரட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.